பனிநோக்கியின் ஞாபகம்

எனக்குப் பெண் பார்த்த அன்று வருங்கால மாமனார் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என் சித்தப்பா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தார். "கடல் பனியிலேருந்து வர்ற மைக்ரோவேவை ஏரோப்ளேன்ல பறந்து போயி அளக்கான்." பிறகு மாமனார் மிகுந்த நாகரிகத்தோடு, "அப்ப அடுப்பு ரிப்பேரும் பாப்பாருன்னு சொல்லுங்க" என்றார். கல்யாணம் நடந்தது. அவர் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பை நான் இரண்டு தடவை பிரித்தேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர்கள் புது அடுப்பு வாங்கிக்கொண்டார்கள், என்னிடம் சொல்லவில்லை.

உண்மையில் என் வேலை ஒட்டுக்கேட்பதுதான். உலகத்தில் எந்தப் பொருளும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. மலை, மனிதன், தயிர்சாதம், பனிக்கட்டி எல்லாமே தன்னிடம் இருக்கும் சூட்டுக்கு ஏற்றபடி கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மேகமோ இருட்டோ அதை மறைக்காது. அந்த முணுமுணுப்பை மேலே இருந்து கேட்டால், கீழே கிடப்பது தண்ணீரா, புதுப் பனியா, பழைய பனியா என்று சொல்லிவிடலாம். புதுப் பனி உப்போடு இருக்கும், உரக்கப் பேசும். பழைய பனி பல கோடைகளைப் பார்த்து உப்பையெல்லாம் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இடங்களில் காற்றுக் குமிழிகளை வைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருந்து கிளம்பும் பேச்சு குமிழிகளில் மோதிச் சிதறி, பாதிதான் வெளியே வரும். கருவிக்கு அது நிஜத்தைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும். வயதானவர்களைப் பற்றியும் இப்படித்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் என் மருமகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பலனில்லை.

நான் சொல்லப் போகும் வசந்தத்தில் பழைய பனி என்பதே அருகிப் போயிருந்தது. வடதுருவக் கடல் ஒவ்வொரு கோடையிலும் கிட்டத்தட்ட முழுவதும் உருகி, குளிர்காலத்தில் பேருக்கு ஒரு மெல்லிய ஏட்டைப் போர்த்திக்கொள்ளும். எங்கள் சின்ன விமானத்துக்கு அதுதான் கடைசிப் பருவம். மேலே பனிநோக்கி இருக்கும்போது கீழே விமானம் எதற்கு என்று மேலிடம் கேட்டது. மேலிடம் கேள்வி கேட்டால் அது முடிவு என்று பொருள்.

பனிநோக்கி என்றால் ஒரு மந்தைச் செயற்கைக்கோள்களும், அவை அனுப்பும் எண்களைப் படமாக்கும் ஒரு நிரலும். அந்த நிரலுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் தணிகைவேலும் உண்டு. நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இளமையில் இரண்டு பேரும் பறந்து பறந்து அளந்த பனியைக் காட்டி, "இது பழசு, இது புதுசு" என்று அதற்குப் பாடம் நடத்தினோம். பிறகு தணிகை சென்னையில் தரவு மையத்துத் தலைவனாகி ஏசியில் உட்கார்ந்துவிட்டான். நான் துருவத்தில் உட்கார்ந்தேன். இரண்டும் ஒரே குளிர்தான் என்பான் அவன்.

எங்களிடம் ஒரு காலை வழக்கம் இருந்தது. பேர் சலாம். கிளம்புவதற்கு முன்னால் பனிநோக்கி எங்கள் ஓடுதளத்தை ஒட்டிய கடல் பனியின் மேல் கடந்து போகும். அது சொல்லும் எண்ணும் எங்கள் கருவி சொல்லும் எண்ணும் ஒத்துப்போகும்வரை எங்கள் கருவியைத் திருகுவோம். சின்னவர் பெரியவருக்குப் போடும் சலாம். அந்தப் பெரியவர் சரியாக இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே தரகரிடம் விசாரித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லபடியாத்தான் சொல்றாங்க" என்று பந்தல் போட்ட கதை. அத்தனை படித்தவர்கள் இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்கும் சலாம் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். விமானி கேப்டன் ஹெப்சிபா, மார்த்தாண்டம் பக்கம். கீழே பனிமேல் அவருடைய தம்பி ஜெபசிங் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பனி ஸ்கூட்டர்களில் போய்க்கொண்டிருந்தான். நடுக்கடலில் உறைந்து கிடந்த மிதவைக் கருவிகளைக் கழற்றிக்கொண்டு வரும் வேலை. கிரீன்லாந்தின் வடகரையிலிருந்து கடலுக்குள் நீளும் பழைய பனியின் நாக்கு ஒன்றைப் பனிநோக்கி படத்தில் காட்டியது. அதன் மேலேயே அவர்கள் பாதை. எங்கள் வேலை மேலிருந்து ஒரு தரம் சரிபார்ப்பது. கருவி "பழைய பனி, பழைய பனி" என்று சொல்லிக்கொண்டே வந்தது. நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

"சார், நிழலைக் காணோமே," என்றார் ஹெப்சிபா.

"எந்த நிழல்?"

"பழைய பனின்னா மேடும் பள்ளமுமால்லா கெடக்கும். இந்தச் சாஞ்ச வெயிலுக்கு நீளநீளமா நிழல் விழணும். இது என்னன்னா தோசக்கல்லு கணக்கா இருக்கு."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பல வருடமாக நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தட்டையாக, சாம்பல் நிறத்தில், துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது கடல்.

ஹெப்சிபா ரேடியோவில் தம்பியைக் கூப்பிட்டார். "லே, துளை போட்டுப் பாத்தியா? எவ்வளவு கனம்?"

"முழங்கை அளவுதான்க்கா."

"நேத்து?"

"நேத்தும் அதான். விரிசல் விட்டு மறுபடி உறைஞ்ச எடமா இருக்கும்க்கா. கெட்டிப் பனி கொஞ்சம் முன்னால இருக்குன்னு படம் சொல்லுது."

"நேத்தும் முன்னாலதான இருந்துச்சு?"

"ஆமாக்கா. நேத்தும் முன்னாலதான் இருந்துச்சு."

அன்று மாலைக்குள் தென்கிழக்கே திறந்த கடலில் அடித்த புயலின் அலை இந்தப் பனிக்கு அடியில் வந்துசேரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பழைய பனி அதைத் தாங்கும். அதனால் யாரும் கவலைப்படவில்லை. முழங்கை அளவுப் பனி அப்பளம் மாதிரி நொறுங்கும்.

"கேப்டன், வானத்தைக் காட்டுவோமா?" என்றேன்.

செயற்கைக்கோளுக்குச் சலாம் போடும் வழக்கம் வருவதற்கு முன்னால் நாங்கள் கருவியைச் சரிபார்த்த விதம் அது. விமானத்தை ஒருக்களித்துச் சாய்த்து, பக்கவாட்டில் கீழே பார்க்கும் ஆன்டெனாவை மேலே பார்க்கவிட வேண்டும். வானம்தான் உலகத்திலேயே மலிவான அளவுகோல். அதைவிடக் குளிர்ந்தது எதுவும் கிடையாது. பிரபஞ்சம் போட்ட தரை அது. எங்கள் கணக்கில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் பூஜ்யம் இல்லை, அதற்குக் கீழே குளிரே கிடையாத பூஜ்யம்; வானத்தைப் பார்க்கும்போது கருவி அதற்குக் கொஞ்சம் மேலே ஓர் எண்ணைக் காட்ட வேண்டும்.

ஹெப்சிபா விமானத்தைச் சாய்த்தார். இறக்கை கீழே கடலைச் சுட்டிக்காட்டியது. பிஸ்கட் தொண்டைவரை வந்து யோசித்தது. திரையைப் பார்த்தேன்.

பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது.

"சார், அப்படி ஒண்ணு உண்டா?"

"கிடையாது. நம்ம கருவி தரையைத் துளைச்சுக்கிட்டுப் பாதாளத்துக்குப் போயிருக்கு."

பனிநோக்கியின் எண்ணுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சலாம் போட்டுப் போட்டு, கீழே கிடந்த புதுப் பனியைப் பழையதாகக் காட்டும் அளவுக்கு அதை வளைத்து வைத்திருந்தோம். நாற்பதைத் திருப்பிக் கூட்டினேன். திரை முழுக்கப் புதுப் பனி என்று மாறியது. பனிநோக்கி காட்டிய நாக்கின் மேல்தான் அப்போதும் பறந்துகொண்டிருந்தோம்.

சாட்டிலைட் போனில் தணிகையைப் பிடித்தேன். சொன்னதும் அவன் உடனே நம்பினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த நாக்கோட வளைவைப் பாருடா," என்றான். "எங்கியோ பாத்த மாதிரி இல்ல? நீ அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி, நான் ஃபிளாஸ்க்குக்குள்ளயே வாந்தி எடுத்தனே, அந்த வளைவு."

பார்த்தேன். அதேதான். நாங்கள் இருபது வயதுகளில் பறந்து பறந்து வரைந்த கரை.

"இப்பல்லாம் மார்ச்லயே மழை பேயுதில்ல? பனி மேல விழுந்து உறைஞ்சு ஓடு கட்டிக்குது. அதுல வர்ற சிக்னல் பழசா புதுசான்னு அதுக்குக் கொழப்பம். கொழப்பம் வந்தா இன்னா பண்ணும்? ஞாபகத்தைத் தொட்டுப் பாக்கும். ஞாபகத்துல அந்த எடம் பழசு. அப்போ பழசுன்னு வரையும். அடுத்த வருசம் அந்தப் படமும் ஞாபகத்துல சேந்துடும். அவ்ளோதான்டா. வயசானவன் கணக்கா ஆயிப்போச்சு. கண்ணு முன்னால இருக்கறதைப் பாக்காம, அந்தக் காலத்துலன்னு ஆரம்பிக்குது."

"நம்ம புள்ளைதானே," என்றேன்.

எங்கள் விமானத்துக்குச் சறுக்குக் கட்டைகள் உண்டு, பனியில் இறங்கும். ஆனால் ஆள் இடுப்பளவாவது கனம் வேண்டும். ஐந்து பேரையும் ஏற்றிக்கொள்ளலாம், இறங்க ஓர் இடம் கிடைத்தால். விமானம் தன் பாதையோரம் ஒரு கோட்டை மட்டும்தான் பார்க்கும். மாநிலம் அளவு கடலில் ஒரு திடலைக் கோடு போட்டுத் தேட எரிபொருள் கிடையாது. மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடியது ஒன்றுதான். அதுவோ மலரும் நினைவுகளில் இருந்தது.

"பழைய வருசங்களை மறந்துட்டுப் பாக்கச் சொல்லு," என்றேன்.

தணிகை சொன்னான்: "சொல்லலாம். ஆனா ஒளிச்செல்லாம் வெக்க முடியாது. கயட்டினா கயட்டினதுதான். முப்பது வருசமா மேல மேல கட்டினது, அடிக்கல்லை உருவற மாதிரி."

"மூலம் இருக்குமேடா. டேப்பு."

"பழைய கட்டடத்தை இடிச்சப்பவே போயிடுச்சு. உனக்குத் தெரியாதா? அதான் ஞாபகத்துல ஏத்தியாச்சே, டேப்பு எதுக்குன்னு விட்டுட்டாங்க. அந்தப் பனி இப்போ அங்க ஒண்ணுலதான் இருக்குது."

அவன் எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சூடாக்கி வேலை செய்யாத அந்த நான்கு எஞ்சின் விமானம். கதவிடுக்கில் விசிலடிக்கும் காற்று. தணிகையின் அம்மா கட்டிக்கொடுத்த சுக்குப்பொடி. தைலம் தடவிய இரண்டு மூக்குகள். கீழே, அடிவானத்திலிருந்து அடிவானம்வரை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உருகி, மறுபடி உறைந்து, மூலைகள் மழுங்கி, பள்ளங்களில் நீலம் தேங்கிய பனி. நாங்கள் அதற்கெல்லாம் பேர் வைத்திருந்தோம். வரிசையாக மேடுகள் நின்ற இடம் ஆயிரங்கால் மண்டபம். நீளமாக வெடித்திருந்தது எழும்பூர் ஸ்டேஷன். வட்டமாக, மெத்தென்று தெரிந்த ஒரு பெரிய துண்டு கோமதியக்கா. அவர் எங்கள் கேன்டீனில் பரிமாறியவர். இரண்டாவது கரண்டி சாம்பாருக்கு முகம் சுளிக்காத ஒரே மனுஷி. வருடாவருடம் கோமதியக்கா எங்கே மிதந்து போயிருக்கிறார் என்று தேடுவோம். கண்டுபிடித்தால் தணிகை எழுந்து நின்று கும்பிடுவான். அந்த உலகம் எங்கேயும் இல்லை. ஒரு நிரலின் மண்டைக்குள் மட்டும், துளி உருகாமல், முழுசாக இருந்தது.

"நீ சொல்லுடா," என்றான் தணிகை. "என் வாயால வரல."

ஹெப்சிபா எல்லாவற்றையும் காதில் மாட்டியிருந்த கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"சார், என் தம்பி கீழ நிக்கான்."

"அழிச்சிரு," என்றேன்.

"மேலிடத்துல கேட்டா?"

"பென்ஷன் வாங்குற வயசுல சஸ்பெண்ட் ஆனா அதுவும் ஒரு அனுபவம்தான்."

திரையில் படம் ஒருமுறை வெளுத்தது. நாக்கு போனது. அதற்கு மேற்கே இருந்த வெள்ளைத் திட்டுகள் போயின. கரையோரம் ஒரு பட்டை இருந்தது, அதுவும் போனது. ஒவ்வொன்றாக விளக்கணைத்துக்கொண்டு போகும் வீடு மாதிரி. முடிந்தபோது கடல் முழுவதும் ஒரே சாம்பல்: புதுப் பனி, மெலிசு, மெலிசு, தண்ணீர். இத்தனை நாள் எங்களுக்கு ஆறுதலாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், திடீரென்று உண்மை பேசினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"எறங்க எடம்?" என்று கேட்டார் ஹெப்சிபா.

எங்குமே இல்லை. ரேடியோவில் ஜெபசிங் பேசினான். "அக்கா, பனி லேசா ஆடுது. தொட்டிலாட்டுன மாதிரி. படம் என்ன சொல்லுது? முன்னால போவட்டா?"

"நில்லு. அங்கேயே நில்லு."

அப்போது தணிகை, "ஏய், ஒரு எடத்துல முழிக்குதுடா," என்றான்.

"என்னது?"

"ஜெபசிங்குக்கு வடமேற்குல. ஒரே ஒரு புள்ளி. தண்ணியான்னா இல்லன்னுது. நிலமான்னா இல்லன்னுது. புதுப் பனியான்னா அதுவும் இல்லன்னுது. தெரியலன்னு எழுதி வெச்சிருக்குது. இந்த முப்பது வருசத்துல அது தெரியலன்னு சொல்லி நான் பாத்ததே இல்லப்பா. ஏதோ கோளாறு."

நான் கேட்டேன்: "தணிகை, இப்ப அது எதை மறந்துச்சு?"

"பழசை."

"அப்ப அதுக்கு எதைப் பாத்தா அடையாளம் தெரியாது?"

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஹெப்சிபா ஏற்கனவே விமானத்தைத் திருப்பியிருந்தார். தம்பியிடம் திசை சொல்லிக்கொண்டிருந்தார்: "பெட்டி படுக்கை எல்லாம் விட்டிரு. மிதவையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆளு மட்டும் வா. லே, நான் சொல்லுததைக் கேளு, எதிர்த்துப் பேசாத."

"எப்பக்கா எதிர்த்துப் பேசுனேன்?"

"பொறந்ததிலேருந்து."

நான் கருவியில் கண் வைத்திருந்தேன். ஆனால் இந்த முறையும் கருவிக்கு முன்னால் ஹெப்சிபாதான் சொன்னார், ரொம்ப மெதுவாக: "நிழல்."

சாம்பல் சமவெளி நடுவே அது கிடந்தது. விளிம்பெல்லாம் அலையில் தேய்ந்து, மேடுகள் கருநீல நிழல்களை நீட்டிக்கொண்டு. திரையில் எண் சரசரவென்று இறங்கி, பல வருடமாக நான் நேர்மையாகப் பார்த்திராத ஓர் இடத்தில் நின்றது. ஒரு நகரத்து விமான நிலையம் அளவுதான் இருக்கும். எத்தனை கோடைகளை யார் கண்ணிலும் படாமல் கடந்து வந்ததோ.

இறங்கினோம். மேடுகளுக்கு நடுவே இறங்கியதை ஹெப்சிபா "இறங்கினோம்" என்றுதான் பதிவு செய்தார். என் முதுகெலும்பு வேறு சொல் வைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தென்கிழக்கே ஸ்கூட்டர்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் பனி, நனைந்த துணி உதறுவது போல மேலும் கீழும் நெளிந்தது. கோடுகள் ஓடின. கடைசி ஸ்கூட்டரின் பின்பாகம் தண்ணீரில் அமிழ்ந்தது. அதிலிருந்த ஆள் முன்னால் போனவன் நீட்டிய கயிற்றைப் பிடித்து மார்பால் ஊர்ந்து வந்தார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் விளிம்பில் ஏறினார்கள். ஹெப்சிபா ஓடிப்போய்த் தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு கட்டிக்கொண்டார். எந்த வரிசையில் என்று இன்றைக்கும் அவர்களுக்குள் தகராறு.

நான் கடைசியாக இறங்கி அந்தப் பனிமேல் நின்றேன். அடியில் அலை வந்துபோவது எனக்குத் தெரியவே இல்லை. காலுக்குக் கீழே கெட்டியாக, அசையாமல் இருந்தது. ஒரு சின்னத் துண்டைப் பெயர்த்து வாயில் போட்டேன். தூத்துக்குடிக்காரன் சாட்சி சொல்கிறேன், உப்பு இல்லை.

"ஐஞ்சு பேரும் வந்தாச்சா?" தணிகை கேட்டான்.

"வந்தாச்சு."

"சரி. பனிநோக்கி ஒங்க தலைக்கு மேலதான் இருக்குது. அந்தப் புள்ளி இன்னான்னு கேக்குது. நீயே சொல்லு, நான் அடிக்கறேன்."

"பழைய பனின்னு போடு."

அவன் தட்டுவது கேட்டது. அப்புறம் நின்றது. "ஒண்ணை வெச்சுக் கத்துக்க முடியாதாம். இன்னொண்ணு காட்டச் சொல்லுது."

நான் சுற்றிலும் பார்த்தேன். நான்கு பக்கமும் மெல்லிய பனி சத்தமில்லாமல் உடைந்து, கறுப்புத் தண்ணீர் திறந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணு இல்லன்னு சொல்லுடா."

மறுபடி தட்டும் சத்தம்.

"சொல்லிட்டேன்டா. பரவால்ல, காத்திருக்கேன்னுது."

ஹெப்சிபா எஞ்சினைக் கிளப்பிவிட்டு, உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார்.